யுத்தத்தை எதிர்த்தவரின் மந்திரிசபை

2008 டிசம்பர் 1, திங்கட்கிழமை. சிகாகோவில் ஒரு மேடை. பின்னால் வரிசையாக அமெரிக்கக் கொடிகள். பராக் ஒபாமா தேர்தலில் ஜெயித்து நான்கு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. பதவியேற்க இன்னும் சரியாக ஐம்பது நாள் இருக்கிறது. மும்பைத் தாக்குதல் முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்ததால் நிருபர்கள் அதைப் பற்றியும் கேட்டார்கள். ஆனால் அன்றைய முக்கியச் செய்தி வேறு. புதிய ஜனாதிபதியின் அயலுறவு, பாதுகாப்பு அணி யார் யார் என்று அன்றுதான் அறிவிக்கப்பட்டது.

வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேம்ஸ் ஜோன்ஸ். ஐ.நா. தூதர் சூசன் ரைஸ். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஜேனட் நபோலிட்டானோ, சட்டத்துறைக்கு எரிக் ஹோல்டர்.

பட்டியலைப் பார்த்ததும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் பலர் பாராட்டினார்கள். ஒபாமாவுக்காகத் தெருத்தெருவாக அலைந்து ஓட்டு கேட்டவர்களில் பலருக்கோ முகம் சுருங்கியது. ஏன்? அதற்கு ஆறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பேச்சும் ஒரு ஓட்டும்

2002 அக்டோபர் 2. இராக் மீது படையெடுப்பது பற்றி வாஷிங்டனில் விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம். சிகாகோவின் ஃபெடரல் பிளாசாவில் ஒரு யுத்த எதிர்ப்புக் கூட்டம். பேசியவர்களில் ஒருவர் இல்லினாய்ஸ் மாநில செனட் உறுப்பினர் ஒபாமா. தேசிய அளவில் அப்போது அவரை யாருக்கும் தெரியாது. தான் எல்லா யுத்தங்களையும் எதிர்ப்பவன் அல்ல, முட்டாள்தனமான யுத்தத்தைத்தான் எதிர்க்கிறேன் என்றார் அவர். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த சில நாட்களில் காங்கிரஸில் ஓட்டெடுப்பு. பிரதிநிதிகள் சபையில் 296-133. செனட்டில் 77-23. ஜார்ஜ் புஷ்ஷுக்கு இராக் மீது படை அனுப்ப அதிகாரம் கிடைத்தது. ஆதரித்து ஓட்டுப் போட்ட 77 பேரில் ஹிலாரி கிளிண்டன் உண்டு. ஜோ பைடன் உண்டு. ஜான் கெர்ரியும் உண்டு.

2003 மார்ச்சில் யுத்தம் தொடங்கியது. பேரழிவு ஆயுதங்கள் என்று சொல்லப்பட்டவை கிடைக்கவில்லை. அமெரிக்க வீரர்கள் நாலாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். இராக்கியர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். 2008-ல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்ற போட்டி வந்தபோது, 'நான் ஆரம்பத்திலேயே எதிர்த்தேன்' என்று சொல்லக்கூடிய முன்னணி வேட்பாளராக ஒபாமாதான் இருந்தார். அனுபவசாலியான ஹிலாரியை அவர் தோற்கடித்ததற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. அந்த ஜனவரியில் ஹிலாரியுடன் நடந்த ஒரு விவாதத்தில், யுத்தத்தை முடித்தால் மட்டும் போதாது, நம்மை யுத்தத்துக்குள் இழுத்துவிட்ட மனப்போக்கையே முடிக்க வேண்டும் என்றார் ஒபாமா. ஹிலாரி தரப்பு ஒரு டிவி விளம்பரம் வெளியிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் போன் அடிக்கிறது, யார் எடுக்க வேண்டும் என்று கேட்ட விளம்பரம். அதாவது, அயலுறவில் ஒபாமா கத்துக்குட்டி என்பது அதன் பொருள்.

அப்படி விளம்பரம் செய்தவரையே அயலுறவுக்குப் பொறுப்பாக்கினார் ஒபாமா!

(ஒரு சின்ன சட்டச் சிக்கலும் இருந்தது. செனட் உறுப்பினராக ஒருவர் இருக்கும் காலத்தில் சம்பளம் உயர்த்தப்பட்ட பதவிக்கு அவரையே நியமிக்க முடியாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். வெளியுறவு அமைச்சரின் சம்பளம் உயர்ந்திருந்தது. காங்கிரஸ் என்ன செய்தது தெரியுமா? சம்பளத்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டது. 1973-ல் நிக்சன் காலத்தில் செய்த அதே வித்தை.)

இரண்டு தரப்பு

கேட்ஸ் விஷயம் இன்னும் கடினம். அவர் புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர். முன்னாள் சி.ஐ.ஏ. இயக்குநர். 2007-ல் இராக்கில் கூடுதல் படை இறக்கியதை நடத்திக் காட்டியவர். கம்பெனி கைமாறிய பிறகும் பழைய மேனேஜரே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தொழிலாளர்கள் என்ன நினைப்பார்கள்? ஜோன்ஸ் ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல். நேட்டோவின் ஐரோப்பியத் தளபதியாக இருந்தவர். தேர்தலில் ஒபாமாவிடம் தோற்ற ஜான் மெக்கெயினின் பழைய நண்பர். துணை ஜனாதிபதி பைடன் 2002-ல் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது மேலேயே இருக்கிறது.

யுத்த எதிர்ப்பாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 23 பேர். அந்த 23 பேரில் ஒருவர்கூட இந்த அணியில் இல்லை. சரியாகச் சொன்னவனுக்கு நாற்காலி இல்லை, தப்பாகச் சொன்னவனுக்குப் பதவி உயர்வு என்றால், அடுத்த முறை எவன் சரியாகச் சொல்வான்? ஆட்கள் மாறாமல் மனப்போக்கு மட்டும் எப்படி மாறும்? இது முதல் தரப்பின் கேள்வி.

இரண்டாவது தரப்பு சொன்னது இது. ஒரே மாதிரி யோசிப்பவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டுதானே புஷ் கெட்டார்? பலமான, மாறுபட்ட கருத்துள்ளவர்கள் மேசையில் இருக்கட்டும். கொள்கையை வகுப்பது ஜனாதிபதி, நிறைவேற்றுவதுதான் மந்திரிகள். ஒபாமாவும் அன்றைய பேட்டியில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். தவிர, இரண்டு யுத்தங்கள் நடந்துகொண்டிருக்கும்போது பாதுகாப்பு அமைச்சரை மாற்றுவது ஆபத்து. கேட்ஸை வைத்துக்கொண்டே இராக்கிலிருந்து வெளியேறினால் குடியரசுக் கட்சியால் குறை சொல்லவும் முடியாது.

லிங்கன் பெயரும் அடிபட்டது. 1860-ல் தன்னோடு போட்டியிட்ட சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் லிங்கன் மந்திரிகளாக்கினார். டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் இதைப் பற்றி 2005-ல் எழுதிய புத்தகத்தை ஒபாமா விரும்பிப் படித்தவர் என்பதால், பத்திரிகைகள் எல்லாம் 'எதிராளிகளின் அணி' என்று எழுதித் தள்ளின.

ஆனால் அந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. லிங்கன் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1861 ஏப்ரல் 1 அன்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் ஒரு குறிப்பு அனுப்பினார். தெற்கு மாநிலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. இந்த நேரத்தில் ஸ்பெயினிடமும் பிரான்சிடமும் விளக்கம் கேட்போம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் யுத்தம் அறிவிப்போம், இதை முன்நின்று நடத்த ஒருவர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஒருவர் தானே என்பதும் குறிப்பாகத் தெரிந்தது. செய்ய வேண்டியது எதுவானாலும் அதைச் செய்யவேண்டியவன் நான்தான் என்று லிங்கன் பதில் எழுதினார். வெளிநாட்டு யுத்தம் வரவில்லை. சீவர்ட் பதவியில் நீடித்தார்.

எதிராளிகளை மேசைக்கு அழைத்ததோடு லிங்கன் நிற்கவில்லை. மேசையில் வந்த மோசமான யோசனையை அவரால் 'முடியாது' என்று தள்ளவும் முடிந்தது. ஒபாமாவால் அது முடியுமா? விவாதத்தின் உண்மையான கேள்வி அதுதான்.

முதல் பரீட்சை: ஆப்கானிஸ்தான்

முதலில் இராக். இதில் பெரிய பரீட்சை ஏதும் வரவில்லை. 2011 முடிவுக்குள் அமெரிக்கப் படை முழுதும் வெளியேற வேண்டும் என்ற ஒப்பந்தம் 2008 நவம்பரிலேயே இராக் அரசோடு கையெழுத்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டது புஷ் அரசு. யுத்தத்தை எதிர்த்தவர் செய்யவேண்டிய வேலைக்குத் தேதி குறித்தது யுத்தத்தைத் தொடங்கியவர்! 2011 டிசம்பர் 18 அன்று கடைசிப் படைப்பிரிவு வெளியேறியது. ஐ.எஸ். அமைப்பு தலைதூக்கியதால் 2014-ல் அமெரிக்கப் படை திரும்பவும் போனது தனிக்கதை.

ஆப்கானிஸ்தான் அப்படி இல்லை. பிரசாரத்தின்போதே ஒபாமா அதை அவசியமான யுத்தம் என்ற கணக்கில்தான் வைத்திருந்தார். 2002 பேச்சின் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. 2009 பிப்ரவரியில் 17,000 பேரை அனுப்பினார். மார்ச்சில் பயிற்சி கொடுக்க மேலும் 4,000 பேர். தளபதியை மாற்றி ஸ்டான்லி மெக்கிரிஸ்டலை நியமித்தார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு இன்னும் படை வேண்டும் என்றார்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வெள்ளை மாளிகையில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ராணுவம் மூன்று எண்களைக் கொடுத்தது என்று பத்திரிகையாளர் பாப் உட்வர்ட் தன் 2010 புத்தகத்தில் எழுதுகிறார். 85,000. அல்லது 40,000. அல்லது 10,000 சொச்சம். துணிக்கடைக்குப் போனவர்களுக்கு இந்த வித்தை தெரியும். கைக்கு எட்டாத விலையில் ஒரு புடவை, கட்டவே முடியாத மட்டமான ஒரு புடவை, நடுவில் கடைக்காரர் விற்க நினைக்கிற புடவை. வாங்குகிறவர் தானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

மேசையில் யார் எந்தப் பக்கம்? கேட்ஸ், ஹிலாரி, தளபதிகள் எல்லாம் கூடுதல் படைக்கு ஆதரவு. எதிர்த்து வாதாடிய முக்கியமானவர் பைடன். ஆப்கானிஸ்தானையே மாற்றிக் கட்டும் வேலை வேண்டாம், சிறிய படையை வைத்துக்கொண்டு அல்-கொய்தாவை மட்டும் குறிவைத்தால் போதும் என்றார். காபூலில் இருந்த தூதர் கார்ல் ஐகன்பெரியும் நவம்பரில் இரண்டு ரகசியத் தந்திகளில் எச்சரித்தார். அவரே முன்பு அங்கே படைக்குத் தலைமை வகித்த ஜெனரல். கர்சாய் அரசை நம்பி இவ்வளவு படையை இறக்க முடியாது என்பது அவர் கருத்து.

முடிவு 2009 டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அறிவிக்கப்பட்டது. சிகாகோ மேடைக்குச் சரியாக ஒரு வருடம். மேலும் 30,000 பேர் போவார்கள், 2011 ஜூலையில் திரும்பி வரத் தொடங்குவார்கள். அந்த வருடத்துக்கு மட்டும் சுமார் 3,000 கோடி டாலர் ஆகும் என்று ஒபாமாவே சொன்னார். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்து லட்சம் டாலர். ஒன்பது நாள் கழித்து அவர் ஆஸ்லோ போய் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கிக்கொண்டார்.

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை ஏறத்தாழ ஒரு லட்சம் ஆனது. 2010-தான் அந்த யுத்தத்தில் அமெரிக்கர்கள் அதிகம் செத்த வருடம். முதல் தரப்பு, 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்றது. நியாயம்தான். ஆட்களைப் பார்த்து அவர்கள் போட்ட கணக்கு இங்கே பலித்துவிட்டது.

இரண்டாவது பரீட்சை: லிபியா

ஆனால் வரலாறு அவ்வளவு சுலபமாக ஒரு தரப்புக்கு மார்க் போட்டுவிடுவதில்லை.

2011 பிப்ரவரியில் லிபியாவில் கடாபிக்கு எதிராகக் கிளர்ச்சி. மார்ச் நடுவில் கடாபியின் படை கிளர்ச்சியாளர்களின் நகரமான பெங்காசியை நெருங்கியது. உள்ளே நுழைந்தால் படுகொலை நடக்கும் என்ற பயம். தலையிடுவதா, வேண்டாமா?

வேண்டாம் என்று உறுதியாக நின்றவர் யார் தெரியுமா? புஷ்ஷின் ஆள் என்று திட்டு வாங்கிய அதே ராபர்ட் கேட்ஸ். ஆசியாவுக்கோ மத்தியக் கிழக்குக்கோ ஆப்பிரிக்காவுக்கோ பெரிய தரைப்படையை அனுப்பச் சொல்லி இனி எந்தப் பாதுகாப்பு அமைச்சராவது ஆலோசனை சொன்னால் அவர் மூளையைத்தான் சோதிக்க வேண்டும் என்று பிப்ரவரி 25 அன்று வெஸ்ட் பாயின்ட்டில் பேசியிருந்தார் அவர். விமானத் தடைப் பகுதி என்று லேசாகப் பேசுகிறீர்கள், அது லிபியா மீது குண்டு போடுவதில்தான் தொடங்கும் என்று மார்ச் 2 அன்று காங்கிரஸிடம் பச்சையாகச் சொன்னார். பைடனும் எதிர்த்தார். ஜோன்ஸுக்குப் பிறகு ஆலோசகராக வந்திருந்த டாம் டோனிலனும் எதிர்த்தார்.

வேண்டும் என்றவர்கள் சூசன் ரைஸ், சமந்தா பவர், கடைசியாகச் சேர்ந்துகொண்ட ஹிலாரி. இதில் ரைஸும் பவரும் ஒபாமாவின் சொந்த ஆட்கள். பிரசாரக் காலத்திலிருந்தே கூட இருந்தவர்கள். 2008-ல் யுத்த எதிர்ப்பாளர்கள் இவர்களைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படவில்லை.

இவர்கள் ரத்தவெறி பிடித்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1994-ல் ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது சூசன் ரைஸ் வெள்ளை மாளிகையில் இளம் அதிகாரி. உலகம் கைகட்டி நின்றதை உள்ளேயிருந்து பார்த்தவர். சமந்தா பவர் போஸ்னியாவில் பத்திரிகையாளராக இருந்தவர். இனப்படுகொலைகளை அமெரிக்கா வேடிக்கை பார்த்த வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு வாங்கியவர். இராக்கில் தலையிட்டதால் வந்த அவமானம் ஒரு பாடம் என்றால், ருவாண்டாவில் தலையிடாததால் வந்த அவமானம் இன்னொரு பாடம். 2008 விவாதத்தில் எல்லோரும் முதல் பாடத்தை வைத்தே மந்திரிகளை எடை போட்டார்கள். இரண்டாவது தராசு ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் 1973-ம் எண் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 5. நடுநிலை வகித்த ஐந்து நாடுகள் ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில், இந்தியா. மார்ச் 19 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. அது 51-க்கு 49 என்கிற மாதிரி முடிவு என்று ஒபாமா தன்னிடம் சொன்னதாகக் கேட்ஸ் பின்னாளில் எழுதினார்.

காங்கிரஸில் ஓட்டெடுப்பு? தாக்குதலுக்கு முன்னால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை அனுமதித் தீர்மானத்தை 295-123 என்று நிராகரித்த பிறகும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. குண்டு போடுகிறோம், ஆனால் சட்டம் சொல்கிற அர்த்தத்தில் இது போர் நடவடிக்கை இல்லை என்று ஒபாமா அரசு வாதாடியது. 2002-ல் புஷ்ஷாவது காங்கிரஸிடம் போய்க் கேட்டார்!

அக்டோபர் 20 அன்று கடாபி சிர்ட் நகரில் கொல்லப்பட்டார். அமெரிக்காவுக்குச் செலவு சுமார் 100 கோடி டாலர்தான். சண்டையில் ஒரு அமெரிக்க வீரர்கூடச் சாகவில்லை. அன்றைக்கு எழுதிய ஐந்தொகையில் லாபம் என்றுதான் இருந்தது. ஆனால் பொறுப்புகள் பக்கம் முழுதாக எழுதப்படவில்லை. 2012 செப்டம்பர் 11 அன்று அதே பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸும் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். கடாபியின் கிடங்குகளிலிருந்த ஆயுதங்கள் அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போயின. 2014-ல் லிபியா உள்நாட்டுப் போரில் இரண்டாகப் பிளந்தது. கடாபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாமல் போனதுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று 2016 ஏப்ரலில் ஒபாமாவே ஒப்புக்கொண்டார். இராக் விஷயத்தில் புஷ் மீது சொன்ன குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட இதேதான்.

யார் கணக்கு சரி?

ஆக, 2008 டிசம்பர் விவாதத்தில் ஜெயித்தது யார்?

ஆட்கள்தான் கொள்கை என்றவர்களுக்கு ஆப்கானிஸ்தான் சாட்சி. ஆனால் பருந்து யார், புறா யார் என்று அவர்கள் ஒட்டிய சீட்டு லிபியாவில் கிழிந்துபோனது. 2002-ல் தப்பாக ஓட்டுப் போட்ட பைடன் இரண்டு முறையும் வேண்டாம் என்றார். புஷ்ஷின் கேட்ஸ் ஒரு முறை ஆம், ஒரு முறை வேண்டாம். ஒருவரின் பழைய ஓட்டை மட்டும் பார்த்து அவருடைய அடுத்த ஆலோசனையைச் சொல்லிவிட முடியாது.

ஜனாதிபதிதான் கொள்கை என்றவர்களுக்கும் முழு மார்க் கிடையாது. 2013 ஆகஸ்டில் சிரியாவில் விஷவாயுத் தாக்குதல் நடந்தபோது, ஆலோசகர்கள் பலர் தாக்கச் சொல்லியும் ஒபாமா கடைசி நேரத்தில் நிறுத்தி, விஷயத்தைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். அன்று அவர் லிங்கன் மாதிரி நடந்துகொண்டார் என்று சிலர் சொல்வார்கள், கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எப்படியானாலும் முடிவு அவருடையது. ஆனால் தன் அணியின் வாதத்தை அப்படித் தள்ளிவைக்க அவருக்கு நாலரை வருடமும், ஒரு லிபியாவும் தேவைப்பட்டன. 2009-ல் பதவிக்குப் புதிது. அனுபவசாலிகள் வரிசையாக ஒரே பக்கம் நிற்கும்போது, மேசையில் வைக்கப்பட்ட மூன்று எண்களைத் தாண்டி நான்காவது எண் ஒன்றை எழுதும் தைரியம் அத்தனை சுலபமாக வராது. மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒரு ஜனாதிபதி தேர்ந்தெடுப்பது, பின்னால் தன் முன் வைக்கப்படப்போகும் எண்களை.

கடைசியாக ஒரு விஷயம். 2009 கூட்டங்களில் தோற்றுப்போன பைடன் 2021-ல் ஜனாதிபதியானார். அந்த ஏப்ரலில் ஆப்கானிஸ்தானிலிருந்து முழுதாக வெளியேறுவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கையில் விழுந்தது. ஆகஸ்ட் 30 அன்று கடைசி அமெரிக்க விமானம் கிளம்பியது. பன்னிரண்டு வருடம் தாமதமாக ஒரு வாதம் ஜெயித்தது. அதற்குள் அந்த மலைகளில் செத்துப்போன அமெரிக்கர்களுக்கும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆப்கானியர்களுக்கும், சிகாகோ மேடையில் யார் யார் நின்றார்கள் என்பது வெறும் டிவி செய்தியாக இருந்திருக்கவில்லை.

அடுத்த முறை எந்த நாட்டிலாவது புதிய அரசு தன் மந்திரிகளின் பட்டியலை வாசிக்கும்போது, 'இவர் பருந்தா புறாவா' என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த மேசையில் 'வேண்டாம்' என்று சொல்லப்போவது யார், அவர் சொன்னால் கேட்கப்போவது யார் என்றும் கேட்க வேண்டும்.